பழுது ஏதும் இல்லை

வீரராகவனுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று குமணன்சாவடியில் சொல்வார்கள். அவ்வளவு தூரம் ஏறி வருவதற்கு அந்தக் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. அது கையிலேயே குடியிருந்தது. தண்ணீர் லாரி டிரைவர் அரை மணி நேரம் தாமதமாக வந்தால் ஓர் அறை. ஜேசிபியை வாடகைக்கு எடுத்தவன் குரலை உயர்த்தினால் இரண்டு. அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. மிச்சமிருந்த மூலையில் லாரிகளை நிறுத்தி, நாற்பத்தைந்து வயது வரைக்கும் அடித்தும் அதட்டியுமே தொழில் செய்தாகிவிட்டது. தெருவில் எல்லோரும் வணக்கம் வைத்தார்கள். எதற்கு வைக்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவன் பழைய பதக்கம் சேர்க்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? முடிசூட்டு விழா, வெள்ளி விழா, போர் முடிந்த கொண்டாட்டம் என்று வெள்ளைக்காரன் எதற்கெல்லாம் பதக்கம் அடித்தானோ, அதெல்லாம் அவன் பீரோவில் இருந்தது. பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுவான். கழுவமாட்டான், துடைக்கமாட்டான். நூறு வருஷத்து அழுக்குதான் அதற்குச் சட்டை என்பான். மனைவி லாவண்யா ஒருமுறை நல்ல எண்ணத்தில் ஒரு பதக்கத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாள். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தான். அவளை அடிக்கவில்லை. அதை ஒரு பெரிய தியாகம் போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தான்.

அவனுடைய உயிர், 1911 தில்லி தர்பார் பதக்கம். ஒரு பக்கம் ராஜாவும் ராணியும், மறுபக்கம் பாரசீக எழுத்து. விளிம்பில் ஒரு சுபேதாரின் பெயரும் பூவிருந்தவல்லி என்று ஊர்ப் பெயரும் யாரோ செதுக்கியிருந்தார்கள். குமணன்சாவடியும் பூவிருந்தவல்லியில்தான் சேர்த்தி; ஆக, தன் ஊர்ப் பெயர் பொறித்த வெள்ளி. மேலே சின்ன வளையம். வளையத்தைச் சுற்றி மங்கிப்போன நீல ரிப்பன், அந்தக் காலத்துத் தையலோடு. இதை மூன்று வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்தவன் தங்கை சரசாவின் புருஷன் பாபு. திருமழிசைப் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது என்றான். கேட்டதைக் கொடுத்து வாங்கிக்கொண்ட வீரராகவன், அந்த ரிப்பனை ஒரு நூலிழை கூட அசைக்கவில்லை. அசல் ரிப்பன் அசல் தையலோடு நிற்பது லட்சத்தில் ஒன்று. அதைப் பிரிப்பவன் சேகரிப்பாளனே இல்லை, கசாப்புக்காரன் என்பது அவன் கட்சி.

ஆடி மாசம் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். அந்த ஒரு மாசத்தில்தான் சேகரிப்போர் சங்கம் குமணன்சாவடியில் ஒரு மண்டபத்தைப் பிடித்துக் கண்காட்சி வைக்கும். சங்கத்தில் ஒரு விதி உண்டு. மேசையில் வைக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். பெயர், வருஷம், அதற்குக் கீழே பழுது. ஓட்டை, கீறல், நசுங்கல், ஒட்டுவேலை, செய்தது யார், எல்லாம். பழுது இருந்தால் குற்றமில்லை, மறைத்தால்தான் குற்றம். மறைத்தவனின் பொருளை மேசையிலிருந்து எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அவன் வார்த்தையை அங்கே யாரும் நம்பமாட்டார்கள்.

வீரராகவன் தர்பார் பதக்கத்தின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான்: பழுது ஏதும் இல்லை.

அந்த மண்டபத்தில்தான் அவனைப் பயப்படாமல் ‘சார்’ என்று கூப்பிடுவார்கள். வங்கி மேனேஜர், பேராசிரியர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் எல்லாம் அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். வருஷத்தில் இரண்டே நாள். அந்த இரண்டு நாளுக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் உயிரோடு இருப்பது போல அவனுக்கு ஒரு நினைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மேசைகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தவள், அந்த வருஷம்தான் அந்தப் பொறுப்புக்கு வந்திருந்த கிருஷ்ணப்பிரியா. கோயம்புத்தூர்க்காரப் பெண். போரூரில் வேலை, அய்யப்பன்தாங்கலில் ஃபிளாட். கண்ணாடி லென்ஸை வைத்துத் தர்பார் பதக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. வளையத்துக்குக் கீழ ஒரு ஓட்டை இருந்திருக்குங்க. யாரோ டாலரா கோத்துக் கழுத்துல போட்டிருக்காங்க. அப்புறம் வெள்ளி வச்சு அடைச்சு, எழுத்தையும் திரும்பச் செதுக்கியிருக்காங்க. இந்த வளையம்கூடப் பழசு இல்லைங்க.”

“இன்னாம்மா சொல்ற நீ?”

“வேலை ரொம்ப நேர்த்திங்க. ஆவடி ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆன இருதயராஜ் அய்யா கைவேலை மாதிரி இருக்கு. ஆனா அவரு சரி பண்ற பொருள்ல குறி போடாம வெளிய விடமாட்டாரே. இந்த ரிப்பன் தையலை மட்டும் பிரிச்சுப் பாத்தா...”

“ரிப்பன்ல கைய வெச்சே, கைய ஒட்ச்சிடுவேன்” என்றான் வீரராகவன்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கிருஷ்ணப்பிரியாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் அவள் விதியை விடவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். பதக்கத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். பின் வரிசையில் தபால்தலைக்காரர் ஒருவர் சிரித்தார். வீரராகவன் ஓங்கி ஒரு குத்து விட்டான். மேசைக் கண்ணாடி நொறுங்கி, அவன் விரல் முட்டியெல்லாம் ரத்தம். அவமானத்தில் காது இரண்டும் அடைத்துவிட்டன. பத்து வருஷமாகச் சேர்த்த ‘சார்’ ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

பாபு வாசலில் நின்றிருந்தான். வீரராகவன் பொலேரோவில் ஏறி உட்கார்ந்ததும் ஓடிவந்து அவனும் ஏறிக்கொண்டான்.

“உடு மச்சான். ஊட்டுக்குப் போலாம்.”

“அண்ணனூர் போறேன். அந்த இருதயராஜ் ஊட்டுக்கு.”

“அந்தாளு கெழவன் மச்சான். அவங்கிட்ட போயி...”

“யாருக்கு செஞ்சு குடுத்தான்னு அவன் வாயாலியே சொல்லட்டும். எந்தத் தேவிடியாப் பையன் ஓட்டைய அடச்சு ஊர ஏமாத்துறான்னு எனக்குத் தெரியணும்.”

அதற்குப் பிறகு பாபு வாயைத் திறக்கவில்லை. பருத்திப்பட்டு தாண்டி, ஆவடி பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் வண்டி ஊர்ந்தபோதுதான் பேசினான். இந்த முறை பேச்சு மாறியிருந்தது.

“பேச வுட்டா கத வுடுவான் மச்சான். அவன் கதையக் கேட்டுகினு நிக்காத. போன ஒடனே ரெண்டு போட்டுட்டு வந்துகினே இருக்கலாம்.”

வீரராகவனுக்குச் சட்டென்று மனசு இளகியது. எப்போதும் சண்டை என்றால் பின்னால் போய் நிற்கிற மாப்பிள்ளை, தனக்கு ஒன்று என்றால் எப்படித் துடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

இருதயராஜின் வீடு அண்ணனூர் ரயில் பணிமனைக்குப் பின்னால் ஒரு சந்தில். வீட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்ன ஷெட். அங்கேதான் மனுஷர் வேலை செய்வார். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது. பனியனும் லுங்கியுமாக, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு மசாலா வதங்கும் வாசனை. நிழல் விழுந்ததும் லென்ஸை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“வா நைனா, உள்ள வா. யாரு...” வீரராகவனின் தோளுக்குப் பின்னால் அவர் பார்வை போனது. முகம் மலர்ந்தது. “அட, நீயா...”

அடுத்த வார்த்தை வரவில்லை. பாபு பாய்ந்து விட்ட அறையில் கிழவர் ஸ்டூலோடு சாய்ந்தார். விழுவதற்குள் பாபு பின்னால் போய்க் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, இன்னொரு கையால் வாயைப் பொத்திவிட்டான்.

“யோவ் பெர்சு” என்றான் வீரராகவன். பதக்கத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். “இது உன் வேலதானே?”

கிழவர் பதக்கத்தைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டியதோடு நிற்காமல், எதையோ சொல்லப் பொத்திய கைக்குள் முண்டினார்.

“ஊருக்கே குறி போடுவியாமே. இதுல எங்க குறி? எவ்ளோ வாங்கிகினு போடாம வுட்ட?”

“ம்ம்... ம்ம்...” கிழவரின் வலது கை எழுந்து பதக்கத்தை நோக்கி நீண்டது. விரலால் எதையோ சுட்டிக்காட்டப் பார்த்தது.

“புடுங்கப் பாக்குறான் மச்சான்!” என்று கத்தினான் பாபு.

வீரராகவனுக்குக் கண்மண் தெரியவில்லை. மூன்று வருஷம் கையுறை மாட்டித் தொட்ட பொருளைக் கிழவர் முகத்தை நோக்கி வீசினான். தலை விலகியதில் அது குறி தப்பி, மேசையில் முடுக்கியிருந்த, பொருளைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வைஸின் தாடையில் போய் மோதி, விளிம்பு நசுங்கிக் கீழே உருண்டது. அந்தச் சத்தம் அவன் வெறியை இன்னும் கிளப்பியது. நீட்டிய வலது கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலை வைஸின் வாய்க்குள் வைத்து, கைப்பிடியைச் சுற்றினான்.

ஒரு சுற்று. கிழவரின் கண் பிதுங்கியது. கால்கள் உதறின. மேசையிலிருந்த அரங்களும் சின்னச் சின்ன உளிகளும் சிதறி விழுந்தன.

“சொல்றா! யாருக்கு செஞ்சே?”

பாபுவின் கை வாயை விட்டு அகலவில்லை. வாயைப் பொத்தியிருந்தால் மனுஷன் எப்படிச் சொல்லுவான் என்று வீரராகவனுக்குத் தோன்றவேயில்லை. இரண்டாவது சுற்றில் முந்திரிக்கொட்டை உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நகத்தடியிலிருந்து ரத்தம் பீறிட்டு வைஸின் தாடையில் வழிந்தது.

அப்போதுதான் கிழவரின் மகள் நிஷா வந்தாள். கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு வந்தாள். ஷெட் வாசலில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. அப்பாவின் வாயைப் பொத்தியிருந்த கையில், முழங்கைக்குக் கீழே, ஒரே இழுப்பு. பாபு அலறிக்கொண்டு கையை விட்டான். கத்தி திரும்பி வீரராகவனின் கழுத்துக்கு வந்து நின்றது.

“திருப்புடா” என்றாள். “அதத் திருப்பு. இல்லனா இங்கியே அறுத்துடுவேன்.”

வீரராகவன் கைப்பிடியைத் திருப்பினான். விரல் என்று சொல்ல முடியாத ஒன்று வைஸிலிருந்து வெளியே வந்தது. கிழவர் அதை மற்றொரு கையால் பொத்திக்கொண்டு தரையில் சரிந்து ஊளையிட்டார். பணிமனைக்குள் ஒரு மின்சார ரயில் ஹாரன் அடித்தது. அது ஓய்ந்தபோதுதான் அவர் சொன்னது காதில் விழுந்தது.

“வளையத்துக்கு உள்ள பாருடா, பாவி. நான் போட்ட வளையம். உள்பக்கம் குறி கீது. துணிய அவுத்துப் பாரு.”

நிஷா குனிந்து பதக்கத்தை எடுத்தாள். பாபுவின் ரத்தமும் ஆட்டு ரத்தமும் சேர்ந்திருந்த அதே கத்தியின் நுனியை ரிப்பன் தையலில் விட்டு ஓர் இழுப்பு இழுத்தாள். வீரராகவன் அனிச்சையாக “ஐயோ, பிரிக்காத!” என்றான். அந்த நிலையிலும் அவன் வாயில் வந்தது அதுதான். பிறகு ரொம்ப நாள், தூங்கப் போகும்போதெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கொன்றது.

ரிப்பன் விழுந்தது. வளையத்தின் உட்புறத்தில், அரிசியில் பாதி அளவுக்கு, சுத்தமாக அடித்த ஒரு சிலுவை. இருதயராஜின் குறி. மூன்று வருஷமாக அங்கேயேதான் இருந்தது. ரிப்பனைத் தொட்டால் பாவம் என்று இவன்தான் பார்க்கவில்லை.

நிஷா ரிப்பனையும் நூலையும் அவன் முகத்தில் வீசினாள். நூல் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தான். வழவழவென்ற நீல நூல். நூறு வருஷத்து நூலாம்! அந்தக் காலத்துத் தையல் என்று ஊரையெல்லாம் கூட்டிக் காட்டிய தையல். சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற நைலான் நூல் அது. அந்த நூல்கண்டு சரசாவின் தையல் மெஷின் டப்பாவில் கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

கிழவர் இடது கையை நீட்டினார். “தோ நிக்கிறானே, இவன்தான் ஓட்டையோட கொண்டாந்தான். குறி போட்டுத்தான் குடுப்பேன்னேன், சரின்னான். ரிப்பன் இல்லாம மொட்டையாத்தான் எடுத்துகினு போனான்.”

பாபு அதற்குள் சந்தின் பாதியில் இருந்தான். கையில் ரத்தம் வழிய ஓடியவனை வீரராகவன் பத்தே எட்டில் பிடித்துவிட்டான். சுவரில் சாய்த்து முகத்திலேயே குத்தினான். மூக்கு உடைந்தது. முன்பல் ஒன்று அவன் முட்டியில் தைத்துக்கொண்டு வந்தது. வீட்டு வாசல்களில் எல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

“ஏன்டா? சொந்த மச்சான்கிட்டியே ஏன்டா?”

பாபு ரத்தத்தைத் துப்பினான். “நீதானே கேட்டுகினே இருந்தே, முழுசா கீதா, முழுசா கீதான்னு. ஓட்டைன்னு சொல்லியிருந்தா நீ தொட்டிருப்பியா? மூஞ்சிலியே அடிச்சிருப்பே.”

அடித்துத்தான் இருப்பான். ஓங்கிய கை அப்படியே நின்றது. வாழ்நாளில் எத்தனை பேரை அடித்திருக்கிறான். அடித்து முடித்ததும் உடம்பில் ஒரு சுகம் பரவும். அன்றைக்கு அது வரவில்லை. அடிக்க வேண்டிய ஆளை அடித்தும் வரவில்லை. பாபுவை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தான்.

ஷெட்டில் நிஷா அப்பாவின் கையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கிழவரின் முகம் வேர்வையில் நனைந்து சாம்பல் பூத்திருந்தது. இடது கையில் பதக்கத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“நசுங்கிப்பூட்ச்சு” என்றார். “ஆனா பாரு, நான் அடச்ச எடம் வுட்டுக் குடுக்கல. வெள்ளியே வளஞ்சிப்போச்சு, என் ஒட்டு நிக்குது.”

மன்னிப்புக் கேட்டு வீரராகவனுக்குப் பழக்கமில்லை; எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கிழவரை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் உட்கார வைத்தான். நிஷா கத்தியை விடாமல் பின் சீட்டில் ஏறினாள். வழியெல்லாம் அந்தக் கத்தி அவன் முதுகைத் தொட்டுக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். நிஷா பேசுவதற்கு முன்னால், “நான்தான் சார். வைஸ்ல வெச்சு முறுக்குனேன்” என்றான். டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார்.

கேஸ் ஆனது. உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசப் போனபோது நிஷா கதவையே திறக்கவில்லை. அவள் செய்தது சரி. பாபு பெங்களூர் பக்கம் போய்விட்டான் என்றார்கள். சரசா குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் கொடுத்ததைத் தைத்துக் கொடுத்தவள் அவள். ஒரு பாவமும் அறியாதவள். தையல் மெஷினைத் திறக்காமல் மூலையில் போட்டுவிட்டாள். கிழவரின் எலும்பு இரண்டு ஆப்பரேஷனுக்குப் பிறகு சேர்ந்தது. விரல் மட்டும் மடங்கவில்லை. உளி பிடிக்கிற கைக்குக் கட்டைவிரல் மடங்காவிட்டால் மிச்ச நாலும் இருந்து என்ன?

இதற்குள் லாரிக்காரர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். ஓனர் அடிப்பதில்லை. தாமதமாக வந்தால் முறைக்கிறார், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். இது புயலுக்கு முந்தின அமைதி என்று பயந்து எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள்.

அடுத்த ஆடி வந்தது. அதே மண்டபம். வீரராகவன் கிருஷ்ணப்பிரியாவிடம் போய் நின்று, ஒரே ஒரு பொருளுக்கு இடம் கேட்டான். அவள் மேசைப் பட்டியலைப் புரட்டிவிட்டு, “அட்டையை ஒழுங்கா எழுதணுங்க” என்றாள்.

கடைசி மேசையில், வாசலுக்குப் பக்கத்தில், கிழவர் அன்றைக்கு வண்டி சீட்டிலேயே விட்டுப்போன தர்பார் பதக்கத்தை வைத்தான். ரிப்பன் இல்லை. வளையத்தின் உட்புறம் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தான். பக்கத்தில் அட்டை.

‘தில்லி தர்பார், 1911. பழுது: மேலே ஓட்டை, அடைக்கப்பட்டது. வளையம் புதியது. இரண்டும் இருதயராஜ் செய்தது; குறி வளையத்தின் உள்ளே. விளிம்பில் நசுங்கல்: வீரராகவன் செய்தது.’

வந்தவர்கள் படித்தார்கள். அவனைப் பார்த்தார்கள். நகர்ந்தார்கள். யாரும் ‘சார்’ என்று கூப்பிடவில்லை. அவனும் கையுறை மாட்டிக்கொள்ளவில்லை.

மத்தியானம் வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தான். இருதயராஜ், வெள்ளைச் சட்டையில். நிஷா அவர் தோளைப் பிடித்திருந்தாள். வீரராகவன் எழுந்து நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் ஓர் ஆளைப் பார்த்து இப்படிப் பயந்ததில்லை.

கிழவர் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து, சட்டைப் பையிலிருந்து லென்ஸை இடது கையால் தடுமாறி எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, அட்டையை மெல்லப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“ஒண்ணு வுட்டுட்ட நைனா” என்றார்.

வலது கையை எடுத்து மேசைமேல், பதக்கத்துக்குப் பக்கத்தில், பொருளை வைப்பது போலவே வைத்தார். கட்டைவிரல் குச்சி போல விறைத்து நின்றது. நகம் முளைக்காத நுனி, உருக்கி ஊற்றிய மெழுகு மாதிரி இருந்தது.

வீரராகவன் பேனாவை எடுத்தான். அட்டையில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினான்.

‘இருதயராஜ், வலது கட்டைவிரல்: நசுங்கல். வீரராகவன் செய்தது. சரி செய்ய ஆள் இல்லை.’

கிழவர் லென்ஸ் வழியாக அதையும் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். விதியை விட்டுக்கொடுக்காத மனுஷர் அல்லவா, சும்மா போய்விடுவாரா?

“தேதி போடு” என்றார்.

வீரராகவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேதியைப் போட்டான்.